ஓசூருக்கு ஏற்ற வாசகம் எது?

தமிழ்நாட்டில் ஊரைப் பட்டப்பெயரால் அழைப்பது நெடுநாளைய வழக்கம். மதுரையைத் தூங்கா நகரம் என்றும், தூத்துக்குடியை முத்துநகர் என்றும், சேலத்தை மாங்கனி நகரம் என்றும், திருச்சியை மலைக்கோட்டை மாநகர் என்றும் சொன்னால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. முத்துநகரும் மலைக்கோட்டையும் சென்னைக்கு ஓடும் விரைவு ரயில்களின் பெயர்களாகவே ஆகிவிட்டன. ஓசூருக்கு மட்டும் அப்படி ஒரு பெயர் இன்னும் ஒட்டவில்லை. ஒட்டவைத்துப் பார்த்தவை பல உண்டு. அவற்றில் எது நிற்கும், எது உதிரும் என்று பார்த்து, மாநகராட்சி ஒரு வாசகத்தைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் எதன் பக்கம் சாயலாம் என்று சொல்வதே இங்கே என் நோக்கம்.

இதைப் பற்றி இப்போது பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் 1,16,821 பேர் வாழ்ந்த நகராட்சி, சுற்றியிருந்த ஊர்களையும் சேர்த்துக்கொண்டு, 2019 பிப்ரவரியில் 45 வார்டுகள் கொண்ட மாநகராட்சியானது. 2024 ஜூனில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் ஒன்று ஓசூரில் 2,000 ஏக்கரில் அமையும் என்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். அது எப்போது எழும் என்பது வேறு கேள்வி. ஆனால் இவ்வளவு வேகமாக வளரும் ஊர், தன்னை என்ன சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்வது என்று தானே முடிவு செய்யாவிட்டால், மனை விற்பவர்கள் அந்த முடிவைச் செய்துவிடுவார்கள், செய்யத் தொடங்கியும்விட்டார்கள்.

ஒப்பிடுவதற்கு முன் அளவுகோல் வேண்டும். நகர வாசகம் என்றதும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது, ‘ஐ லவ் நியூயார்க்’ என்பதில் ‘லவ்’ என்ற சொல்லுக்குப் பதில் இதயம் வரைந்த நியூயார்க்கின் குறியை. 1975இல் ஏறத்தாழத் திவாலாகும் நிலைக்கு வந்த நகரம் அது. 1977இல் வரைகலைஞர் மில்டன் கிளேசர் கட்டணம் வாங்காமல் வரைந்து கொடுத்த அந்தக் குறி, உண்மையில் நியூயார்க் மாநிலத்தின் சுற்றுலா விளம்பரத்துக்காகப் பிறந்தது என்பதும், நகரவாசிகள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள் என்பதும் பலருக்கு நினைவிருப்பதில்லை. அது நிலைத்ததற்குக் காரணம் வடிவம் மட்டும் அன்று. ஊரைப் பற்றி அரசு பேசாமல், ஊரில் இருப்பவன் பேசுவதாக அது அமைந்திருந்தது.

கிளாஸ்கோவின் கதை இன்னும் நெருக்கமானது. கப்பல் கட்டும் தொழில் நொடித்து, வன்முறைக்கும் வறுமைக்கும் பெயர்போயிருந்த அந்த ஸ்காட்லாந்து நகரம், 1983இல் ‘கிளாஸ்கோஸ் மைல்ஸ் பெட்டர்’ என்ற வாசகத்தை ஒரு சிரிக்கும் மஞ்சள் பொம்மையோடு சேர்த்து ஊரெங்கும் ஒட்டியது. ‘எவ்வளவோ மேல்’ என்றும் ‘சிரிப்பு அழகு’ என்றும் இரு பொருள்பட ஒலிக்கும் அந்தச் சிலேடையை, அதே ஆண்டு திறக்கப்பட்ட புர்ரெல் கலைக்கூடமும், 1990இல் கிடைத்த ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர் என்ற தகுதியும் தாங்கிப் பிடித்தன. சிங்கப்பூரோ வாசகத்தை வேலைப் பட்டியலாகவே வைத்துக்கொண்டது: 1967இல் லீ குவான் யூ ‘தோட்ட நகரம்’ என்றார் என்றால், அதன் பொருள் சாலையோரங்களில் மரம் நடப்படும், நட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்றப்படும் என்பதுதான். இதற்கு நேர்மாறாக ஆம்ஸ்டர்டாம், தன் பெயரையே ‘நான் ஆம்ஸ்டர்டாம்’ என்று ஆங்கிலத்தில் படிக்கும்படி 2004இல் அமைத்த வாசகம் அளவுக்கு மீறி வென்றதால், அருங்காட்சியகச் சதுக்கத்தில் நிறுத்தியிருந்த பேரெழுத்துகளைச் சுற்றுலா நெரிசலைக் காரணம் காட்டி 2018 டிசம்பரில் அப்புறப்படுத்தியது.

இவற்றிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். வாசகத்தில் ஓசூரின் பெயரை நீக்கிவிட்டு வேறோர் ஊரின் பெயரை எழுதினாலும் பொருந்துகிறதா? பொருந்தினால் அது ஓசூருக்கு உரியதன்று. பேருந்து நிலையத்தில் பூ விற்பவரும், சிப்காட்டில் இரவுப் பணி முடித்து வருபவரும் கூச்சமின்றி அதைச் சொல்வார்களா? மூன்றாவதாக, நாளை காலையிலிருந்து மாநகராட்சி எதையாவது செய்தாக வேண்டும் என்ற கடமையை அது உண்டாக்குகிறதா? மூன்றாவது கேள்வியில் தோற்கும் வாசகங்களே உலகில் அதிகம்.

முதலில் ‘குட்டி இங்கிலாந்து’. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருப்பதால் கிடைத்த இதமான குளிரும், வெள்ளைக்காரர்கள் விரும்பித் தங்கியதும் தந்த பெயர் இது. இதற்கு உரிமை கொண்டாடும் ஊர் ஓசூர் மட்டும் அன்று. சற்றுத் தள்ளி இருக்கும் தளியையும் இதே பெயரால்தான் சொல்கிறார்கள், அங்குள்ளவர்கள் விட்டுக்கொடுக்கவும் மாட்டார்கள். அதோடு, இருக்கும் ஏரிகளின் ஓரமெல்லாம் அடுக்ககங்கள் எழும் ஊரில் குளிரை முதலீடாக வைத்து வாசகம் எழுதுவது, வட்டி கட்டாமல் அசலை அடகு வைப்பது போன்றது. இன்னொரு நாட்டின் சிறிய படி என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஊர், படியாகவே நின்றுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லி இதைக் கடந்துவிடலாம். ராஜாஜி 1878இல் பிறந்த தொரப்பள்ளி அருகில் இருப்பதும், மத்திகிரியில் 1824இல் தொடங்கிய கால்நடைப் பண்ணை இருப்பதும் பெருமைக்குரியவைதாம். ஆனால் அவை வழிகாட்டிப் பலகைக்கு உரிய செய்திகள், ஊர் முழுவதும் தோளில் சுமக்கும் வாசகத்துக்குப் போதா.

தொழில் நகரம் என்ற தெரிவு அப்படி எளிதில் ஒதுக்கக் கூடியதன்று. இன்றைய ஓசூரை உண்டாக்கியதே 1970களில் வந்த சிப்காட் தொழிற்பேட்டைதான். 1980இல் இங்கே அசோக் லேலண்டின் லாரிகள் உருவாகத் தொடங்கின. அதே ஆண்டில் இங்கிருந்து வெளிவந்த டிவிஎஸ் 50, தமிழ்நாட்டின் பால்காரர்களுக்கும் கீரைக்காரர்களுக்கும் இன்றுவரை உழைத்துக்கொண்டிருக்கும் மோப்பட் பரம்பரையைத் தொடங்கி வைத்தது. டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கைகோத்து 1984இல் தொடங்கிய டைட்டன், தன் முதல் கடிகார ஆலையை இங்கே அமைத்தது; அந்தப் பெயருக்குள்ளேயே டாட்டாவும் தமிழ்நாடும் ஒளிந்திருப்பதை ஓசூர்க்காரர்கள் வெளியூர் உறவினர்களிடம் ஒருமுறையாவது சொல்லிக் காட்டியிருப்பார்கள். இப்போது ஏத்தரின் மின்சார ஸ்கூட்டர்களும், டாட்டா எலக்ட்ரானிக்ஸின் கைபேசிப் பாகங்களும் வந்துவிட்டன. ஆகவே ‘மின்வாகனத் தலைநகர்’ என்று பலகை வைக்கும் ஆசை முதலீட்டாளர் கூட்டங்களில் எழுவது இயல்பு.

இதன் பலம் உண்மை. ஓசூருக்கு மூட்டை முடிச்சோடு வந்து இறங்குபவர்களில் பெரும்பாலோர் வேலைக்காகவே வருகிறார்கள். அவர்கள் ஊருக்கு எழுதும் முகவரியில் ஆலையின் பெயர் இருக்கும். ஆனால் ஒரு பொருளின் பெயரால் ஊரை அழைப்பதில் உள்ள ஆபத்தைத் தமிழ்நாட்டிலிருந்தே காட்டலாம். கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று இன்னும் சொல்கிறோம். இங்கிலாந்தின் அந்த மான்செஸ்டரில் பஞ்சாலைகள் ஓய்ந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன, கோயம்புத்தூரும் பம்புசெட், கிரைண்டர், மருத்துவமனை, மென்பொருள் என்று எங்கோ போய்விட்டது. சென்னையை ஆசியாவின் டெட்ராய்ட் என்று மேடைகளில் முழங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான், 2013 ஜூலையில், கார் ஆலைகளுக்குப் பெயர்பெற்ற அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரமே நீதிமன்றத்தில் திவால் மனு கொடுத்தது. ஓசூரின் ஐம்பதாண்டுத் தொழில் வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால், லாரியிலிருந்து மோப்பட், மோப்பட்டிலிருந்து கடிகாரம், பிறகு கைபேசி, மின்சார ஸ்கூட்டர் என்று பொருள்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. மாறாமல் இருந்தது புதியதைக் கற்றுக்கொள்ளும் கை. அந்தக் கையைச் சொல்லாமல் அது இன்றைக்குச் செய்யும் பொருளைச் சொல்லும் வாசகத்துக்குப் பத்தாண்டுகளில் வயதாகிவிடும். மேலும், பெயரை நீக்கிப் பார்க்கும் சோதனையில் இது தோற்கிறது: வாகன ஆலைகள் நிறைந்த ஒரகடமோ, புனேயின் சாக்கனோ இதே பலகையை இரவோடிரவாக மாட்டிக்கொள்ளலாம்.

ரோஜா நகரம் என்ற தெரிவை எழுதும்போது எனக்கே சற்று மனம் இளகுகிறது. பிப்ரவரி 14க்கு முந்திய வாரங்களில், பசுமைக்குடில்களிலிருந்து தாஜ்மகால் முதலான வகைகளைச் சேர்ந்த நீண்ட தண்டுச் சிவப்பு ரோஜாக்கள் கட்டுக்கட்டாக, குளிரூட்டிய வண்டிகளில் பெங்களூரு விமான நிலையத்துக்குப் போவதைச் செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. வெளியூர்க்காரர்கள் ஓசூரைப் பற்றி அறிந்த நல்ல செய்தி அநேகமாக இது ஒன்றுதான். ஓவியருக்கும் எளிது: இதழ் வரைந்தால் இலச்சினை ஆயிற்று. இருப்பினும் இரண்டு தடைகள் உள்ளன. பூ விளைவது மாநகராட்சி எல்லைக்குள் அன்று, அமுதகொண்டப்பள்ளி போன்ற சுற்றுவட்டார ஊர்களில். நகரம் விரிய விரிய அந்த நிலங்களே மனைகளாக மாறும் அபாயத்தில் இருக்கின்றன. பூவை அடையாளமாக வைத்துக்கொண்டு பூத்தோட்டத்தை மனைப்பிரிவாக்க அனுமதி கொடுக்கும் மாநகராட்சி நகைப்புக்கு இடமாகும். இதைப் பலவீனம் என்றும் சொல்லலாம், மூன்றாம் கேள்விக்குக் கிடைத்த நல்ல பதில் என்றும் சொல்லலாம். ரோஜாவை ஏற்பவர்கள் விளைநிலத்தைக் காக்கும் திட்டத்தையும் கையோடு ஏற்க வேண்டியிருக்கும். மற்றொரு தடை பருவம். காதலர் தினம் முடிந்ததும் செய்தியும் முடிந்துவிடுகிறது, மீதிப் பதினொரு மாதங்களுக்கு இந்த வாசகம் யாரிடமும் பேசாது.

அடுத்தது, யாரும் குழு போட்டு யோசிக்காமலே நடைமுறைக்கு வந்துவிட்ட தெரிவு: பெங்களூருவின் பக்கத்து வீடு. தொலைக்காட்சியில் மனை விளம்பரம் பார்த்து வளர்ந்த தமிழர்களுக்கு ‘மிக அருகில்’ என்ற சொற்றொடரின் உண்மையான தூரம் தெரியும். ஓசூரின் விஷயத்தில் அது ஓரளவு நியாயமானதே, பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர், சென்னையோ 300 கிலோமீட்டருக்கு மேல். அங்கே வாடகை கட்டுப்படியாகாதவர்கள் இங்கே குடியேறி, விடியற்காலையில் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் புறப்படுகிறார்கள். ஆகவே ‘இரட்டை நகரம்’ என்ற வாசகம் பொய்யன்று. ஆனால் இரட்டையரில் ஒருவர் மற்றவரைவிடப் பல மடங்கு பெரியவராக இருக்கும்போது, சிறியவர் நிழலாகவே அறியப்படுவார். பெங்களூருவுக்குத் தனக்கென ஓர் இலச்சினை 2017 டிசம்பரிலேயே வந்துவிட்டது. கன்னட எழுத்தும் ஆங்கில எழுத்தும் கலந்து, ‘நீ நீயாக இரு’ என்ற பொருள் தரும் ஆங்கில எழுத்துகளைச் சிவப்பில் காட்டிய அந்த வடிவத்தில் ஓசூருக்கு இடமில்லை, இருக்க வேண்டிய தேவையும் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து வருவது எல்லாம் வாய்ப்பாகவும் இருப்பதில்லை. நந்தி மலையில் பிறந்து பெங்களூருவின் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் வெண்ணிற நுரையாகப் பொங்குவதைப் பார்த்தவர்கள், அண்டை வீட்டுப் பெருமையை இலச்சினையில் பொறிக்க இருமுறை யோசிப்பார்கள். காவிரிச் சிக்கல் முற்றும் நாட்களில் பேருந்துகள் எல்லையில் நின்றுவிட, பயணிகள் ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்ததும் உண்டு. அந்த நடையை நடந்தவருக்கு ‘இரட்டை நகரம்’ என்ற சொல் கசக்கும்.

என் சாய்வு எந்தப் பக்கம் என்பதற்கு வருகிறேன். விடை ஊரின் பெயரிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஹொச என்றால் கன்னடத்தில் புதிய. ஊரு என்றால் ஊர். ஓசூர் என்பது புதிய ஊர். இதைக் கன்னடப் பெயர் என்று சொல்லி ஒரு சாரார் உரிமை கோருவதும், அதனாலேயே இன்னொரு சாரார் இதைப் பேசவே தயங்குவதும் வழக்கமாக இருக்கிறது. தயங்கத் தேவையில்லை. தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்குகின்றன: பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பூ ஹூவு. பழைய கன்னடத்தில் பொச என்றிருந்து ஹொச என்று ஆன சொல்லும் நம் ‘புது’ என்ற சொல்லும் ஒரே திராவிட வேரிலிருந்து கிளைத்தவை. அதாவது ஓசூரும் நம் நாடெங்கும் இருக்கும் புதூர்களும் புத்தூர்களும் சொல்லளவில் உடன்பிறப்புகள். எல்லைக்கு இருபுறமும் உள்ளவர்கள் தத்தமது என்று சண்டையிடும் பெயரே அவர்களுடைய உறவுக்குச் சாட்சியாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த அடிப்படையில் நான் முன்வைக்கும் வாசகம் ‘புது ஊர், நம்ம ஊர்’ என்பது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் கடைத்தெருவில் கலந்து ஒலிக்கும் ஊரில், ஒரு மொழியில் மட்டும் இனிக்கும் வாசகம் பாதி ஊருக்கு அந்நியமாகிவிடும். இதையோ கன்னடத்தில் ‘ஹொச ஊரு, நம்ம ஊரு’ என்றும், தெலுங்கில் ‘கொத்த ஊரு, மன ஊரு’ என்றும் தாளம் கெடாமல் சொல்லலாம். ஊர் என்ற சொல் மூன்றிலும் நிற்கிறது. உருதுவில் ‘நயா ஷஹர், அப்னா ஷஹர்’ என்று சொல் மாறினாலும் ஓசை மாறுவதில்லை. தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வேலைக்கு வந்தவருக்கு இது புது ஊர்; ஐந்தாறு ஆண்டுகளில் ரேஷன் அட்டையை மாற்றி, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த பின் நம்ம ஊர். தேர்ப்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவருக்கு வரிசை தலைகீழாக வரும்: அவருடைய நம்ம ஊர்தான் கண்ணெதிரே புது ஊராக மாறிக்கொண்டிருக்கிறது. இரு தரப்பினரும் ஒரே வரியைத் தத்தம் பொருளில் சொல்ல முடிவதே இதன் பலம்.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. சந்திரசூடேஸ்வரர் கோயில் மலைமேல் பல நூற்றாண்டுகளாக நிற்க, செவிடபாடி என்ற பழைய பெயரும் வழக்கில் இருந்த ஊரைப் புதியது என்று சொல்வது வரலாற்றை அழிப்பதாகாதா என்று கேட்கலாம். புதியது என்ற பெயரே பல தலைமுறை பழையதாகிவிட்டது என்பதுதான் என் பதில். சென்னையில் புதுப்பேட்டைக்குப் போகும் யாரும் அதை நேற்று முளைத்த பேட்டை என்று நினைப்பதில்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ புதூர்கள் இருக்க, பெயரை நீக்கிப் பார்க்கும் சோதனையில் இது மட்டும் எப்படித் தேறும் என்பது கூர்மையான கேள்வி. தமிழ் வரியை மட்டும் தனியே எடுத்தால் தேறாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான்கு வரிகளும் சேர்ந்து நிற்கும்போதுதான் அது வேறெந்தப் புதூருக்கும் பொருந்தாத ஓசூர் வாசகமாகிறது. எனவே, செலவைக் குறைக்கிறோம் என்று தமிழும் ஆங்கிலமும் மட்டும் போதும் என மாநகராட்சி முடிவெடுத்தால், இந்தத் தெரிவையே கைவிட்டு ரோஜாவுக்குப் போவது மேல்.

மூன்றாம் கேள்வியில் இது மற்ற எல்லாவற்றையும்விடக் கடுமையானது. நம்ம ஊர் என்று சொல்லிவிட்டு, புதிதாகச் சேர்ந்த வார்டுகளில் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் தெருவிளக்கும் பழைய வார்டுகளின் தரத்துக்கு வராமல் இருந்தால், சுவரில் எழுதிய வாசகத்தின் கீழேயே யாராவது கரியால் பதில் எழுதிவிட்டுப் போவார்கள். மாநகராட்சிக்கு இது சங்கடமாக இருக்கலாம். அந்தச் சங்கடத்துக்காகவே நான் இதைப் பரிந்துரைக்கிறேன்.

இலச்சினை பற்றிச் சுருக்கமாக. 2014இல் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரம் தன் பெயரை முற்றுப்புள்ளியோடு எழுதி, அவ்வூர் வீட்டுச் சுவர்களின் நீல ஓடுகளைத் தழுவிய சிறு சிறு சித்திரங்களை அதனோடு இணைத்தது. பாலம், டிராம், திராட்சை என ஒவ்வொன்றையும் தனியாகவும் கோத்தும் பயன்படுத்தலாம். ஓசூருக்கும் ஒற்றைச் சின்னத்தைவிட இந்த முறை ஏற்றது, ஏனெனில் ரோஜாவும் பற்சக்கரமும் கடிகார முள்ளும் ராகிக் கதிரும் மலை முகடும் ஒன்றையொன்று துரத்தாமல் உடன் வாழ வழி கிடைக்கும். புள்ளிக்கோலத்தை அடிப்படையாக வைக்கலாம் என்ற யோசனை யாருக்கும் உடனே தோன்றும், எனக்கும் தோன்றியது. தென்னிந்தியாவின் எந்த ஊருக்கும் அது பொருந்திவிடும் என்பதால் விட்டுவிட்டேன். அதற்கு மாறாக மூன்று எழுத்துமுறைகளில் ‘ஊ’ என்ற எழுத்தை அருகருகே வைத்துப் பார்க்க ஓர் எழுத்துரு வடிவமைப்பாளரைக் கேட்கலாம். கன்னட எழுத்தும் தெலுங்கு எழுத்தும் உருவில் நெருங்கியவை, தமிழ் எழுத்தோடு அவற்றை ஓர் அளவில், ஒரே தடிப்பில் இழைப்பது நல்ல கைக்குச் சவாலான வேலை.

யாரிடம் கொடுப்பது என்பதிலும் இரு வழிகள் உண்டு. மெல்போர்ன் 2009இல் பெரிய நிறுவனம் ஒன்றிடம் கொடுத்து, 2,40,000 ஆஸ்திரேலிய டாலர் செலவானதற்காகத் திட்டும் வாங்கியது, பாராட்டும் வாங்கியது. கிளாஸ்கோ 2013இல் பொதுமக்களிடம் இணையத்தில் கருத்துக் கேட்டு, ‘மக்களே கிளாஸ்கோ’ என்ற பொருள்படும் புதிய வாசகத்துக்கு வந்து சேர்ந்தது. சொல்லுக்குப் பொதுமக்களையும் வடிவத்துக்குத் தொழில் தெரிந்தவரையும் நாடுவதே ஓசூருக்குச் சரி. பரிசுத்தொகை அறிவித்துப் பள்ளி மாணவர்களிடம் இலச்சினை வரையச் சொல்லும் போட்டி விழாவுக்கு நன்றாக இருக்கும். வென்ற படத்தைப் பேருந்தின் பக்கவாட்டில் ஆறடி உயரத்துக்குப் பெரிதாக்கும்போதுதான் அதன் கோணல்கள் தெரியும்.

இலச்சினை வருவதற்கு முன்பே வாசகத்தைச் சோதித்துவிடலாம். கர்நாடகத்திலிருந்து தேசிய நெடுஞ்சாலை ஜூஜூவாடியில் தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒன்றும், பேருந்து நிலையத்தில் ஒன்றும், புதிதாகச் சேர்ந்த வார்டுகளில் சிலவுமாகச் சாதாரணப் பலகைகளை நான்கு மொழிகளில் ஓராண்டு மாட்டி வைக்கலாம். ஆட்டோ ஓட்டுநர்கள் தங்கள் வண்டியின் பின்புறம் அந்த வரியைத் தாமாகவே எழுதிக்கொள்கிறார்களா என்று பார்த்த பிறகு, வடிவமைப்பாளருக்கு முன்பணம் கொடுத்தால் போதும்.